வேலையை விட்டு ஒன்றரை மாதமாகியும் கடைசி மாதச் சம்பளம் தரவில்லை, என்ன செய்வது?

நீங்களும் ஜவுளிக்கடையில்தான் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'சீசன் முடியட்டும், வந்து வாங்கிக்கோ' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அவர்கள் நிறுத்தினாலும் சரி, நாமாக நின்றாலும் சரி, 2 வேலை நாளில் கணக்கை முடிக்க வேண்டும்.

எனக்கு நடந்தது 2018-இல். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். அம்மாவுக்கு முடியவில்லை என்று பதினைந்து நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் நின்றேன் (சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் முதலாளி என்ன செய்வார் என்று கேட்க வருவீர்கள், அதற்காகச் சொல்கிறேன், அப்படியே நின்றாலும் பார்த்த நாளுக்குக் கூலி கூலிதானே). பங்குனியில் நின்ற என்னிடம் அழகர் ஆற்றில் இறங்கட்டும் என்றார்கள். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் பணம் வரவில்லை. ஊமச்சிகுளத்திலிருந்து பஸ் ஏறி ஆறு தடவை போனேன். கேஷியர் அண்ணன் ஸ்பாஞ்சில் விரலை நனைத்து நோட்டு எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல் "ஓனர் இல்லம்மா" என்பார். ஓனர் செருப்பு வாசலில் கிடக்கும்.

கடைசியில் கைகொடுத்தது சம்பளக் கவர்தான். பழுப்புக் கவரில் பெயரும் தொகையும் பென்சிலில் எழுதித் தருவார்கள், ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அவற்றோடு ஒரு மனு எழுதி தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தேன், கடைக்கு நோட்டீஸ் போனது. வந்தவர்கள் பட்டுச்சேலையில் கறை என்று 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டினார்கள். "பிடிக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுகிட்ட விளக்கம் கேட்டீங்களா?" என்றார் அதிகாரி. பதில் இல்லை. முழுப் பணமும் வந்தது. நஷ்டம் என்று பிடிக்கும் முன் நம் தரப்பைக் கேட்க வேண்டும், இப்போதும் அதுதான் விதி.

பணமாவது வந்தது, கால் வலி போகவில்லை. காலை பத்து மணிக்கு ஏறி நின்றால் இரவு ஒன்பது வரை உட்காரக் கூடாது, சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குள் என் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இன்றைக்கும் எந்தக் கடைக்குள் போனாலும் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். கவர் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸப்பில் 'நாளைக்கு வா' என்று அனுப்பியது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கேட்க 3 வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனாலும் இந்த வாரமே போங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.