பட்டாள வக்கீலும் தென்னந்தோப்பும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சட்டம் படித்து முடித்துவிட்டாள். கிரீன் கார்டு இருக்கிறது. "பட்டாளத்தில் வக்கீலாகச் சேர்ந்து, அப்புறம் எலக்சனில் நிற்பேன்" என்கிறாள். பிழைக்கப் போன ஊரில் இதெல்லாம் நடக்குமா? எங்கள் தென்னந்தோப்பை அவள் பேருக்கு செட்டில்மெண்ட் எழுத இருந்தோம். அதற்கு ஏதும் சிக்கல் வருமா?
- ஒரு தாய், காங்கயம்

பதில்: நடந்திருக்கிறதுங்க. டெட் லியூ என்பவர் தைவானில் பிறந்து மூன்று வயதில் அமெரிக்கா போனவர். பெற்றோர் சந்தையில் கடை விரித்துப் பரிசுப் பொருட்கள் விற்றார்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் திங்கள் ராத்திரி மூட்டை பிரிப்பார்களே, அந்த மாதிரிப் பிழைப்பு. மகன் சட்டம் படித்து விமானப்படையில் 'ஜாக்' (JAG), அதாவது பட்டாள வக்கீல் ஆனார். ராணுவ நீதிமன்றத்தில் வழக்காடுவது, தளபதிக்குச் சட்டம் சொல்வது, சிப்பாய்களுக்கு உயில் எழுதித் தருவது எல்லாம் ஜாக் வேலைதான். முழுநேரமாக இருந்தது நாலு வருசம். எடுத்த எடுப்பில் எம்.பி. ஆகவில்லை. 2002-ல் டாரன்ஸ் நகர மன்றம், நம்ம ஊர்க் கவுன்சிலர் போல. 2005-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம். 2014-ல்தான் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தார்.

நம்ம பக்கமும் இது புதுசில்லை. குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன் வக்கீலுக்குப் படித்தவர், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணப் பிரதம மந்திரி, இன்றைய முதலமைச்சர் போல. ஒரு மகன் ராணுவத் தலைமைத் தளபதி. இன்னொரு மகன் மோகன் பாரிஸ்டர், மத்திய மந்திரி. அந்தக் குடும்பம் பங்கு போட்டுச் செய்ததை உங்கள் அம்மணி ஒரே ஆளாகச் செய்யப் பார்க்கிறாள்!

ஆனால் கிரீன் கார்டை வைத்துச் சிப்பாயாகச் சேரலாமே தவிர, ஜாக் அதிகாரியாக முடியாது. குடியுரிமை வேண்டும். அது கிடைத்து 7 வருசம் ஆனால்தான் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராகலாம், மேலவையான செனட் என்றால் 9 வருசம். முழுநேரப் பணியில் இருந்துகொண்டு கட்சி வேட்பாளராக நிற்கவும் முடியாது.

இனி யாரும் உங்களிடம் சொல்லியிருக்காத விசயம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். மற்றவர்கள் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோகத் தரும் அட்டை) வாங்கிச் சமாளிக்கிறார்கள். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும்கூட அது கிடையாது. பொங்கலுக்கு ஊர் வரவும் விசா எடுக்க வேண்டும். மகளிடம் முதலில் இதைப் பேசுங்கள்.

தோப்பு விசயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு விவசாய நிலத்தை செட்டில்மெண்டாகக் கொடுக்க இடமில்லை, இன்றைய நிலையிலேயே. வாரிசாக, உயில் வழியில் வந்து சேரலாம். அந்த உயிலை மகளையே எழுதச் சொல்லிவிடாதீர்கள், காங்கயத்திலேயே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.