கேள்வி நேரம்: லோமுவும் அவர் பிள்ளைகளும்

கே: நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமு இறந்தபோது பிள்ளைகளுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று படித்தேன். அவ்வளவு பெரிய ஆளுக்கே இப்படியா?
- திருச்சி வாசகர்

ப: படித்தது சரிதான். 2015 நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் 40 வயதில் போய்விட்டார். இரண்டு மகன்களும் சின்னப் பிள்ளைகள். கையிருப்பு இல்லை என்ற செய்தி சில வாரங்களிலேயே வெளியே வந்தது. உடனே "பணத்தை எல்லாம் என்ன செய்தார்?" என்று கேட்கத் தோன்றும், ஆனால் அவர் கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1995 ஜூன் 18, கேப் டவுன், உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக 4 ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைப்பதுதான் ட்ரை). அன்றைக்கு ரக்பி விதிப்படி சம்பளமில்லாத ஆட்டம். ஆகஸ்டில்தான் அந்த விதி போனது. சரி, இனி சம்பாதிக்கலாம் என்ற நேரத்தில், அதே வருடக் கடைசியில் சிறுநீரக நோய். 27 வயதில் கடைசி டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கிடையே நடக்கும் ஆட்டம்), அப்புறம் டயாலிசிஸ். 2004-இல் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2011-இல் அதுவும் செயலிழந்து, மறுபடி டயாலிசிஸ்.

நியூசிலாந்து வீரர்கள் சங்கம் அந்த மகன்களுக்காக ஒரு டிரஸ்ட் அமைத்து நன்கொடை திரட்டியது. எனக்குப் பிடித்தது இதுதான். மேடை போட்டு, சால்வை போர்த்தி, காசோலையோடு படம் எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் எத்தனை வருடம் தாங்கும்? டிரஸ்ட் என்றால் பிள்ளைகள் வளரும் வரை கணக்குப் பார்க்க, பொறுப்பேற்க ஆள் இருக்கும்.

கே: ஆள் போன பிறகுதான் உதவ வேண்டுமா?
- மதுரை வாசகி

ப: வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து ரக்பி வீரர் டாடி வெயர் தனக்கு மோட்டார் நியூரான் நோய் (நரம்பணுக்கள் செயலிழந்து தசைகள் தளரும் நோய்) என்று 2017-இல் வெளியே சொன்னார், அதே வருடம் தன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். ஆராய்ச்சிக்கும் பணம், நோயாளிக் குடும்பங்களுக்கும் பணம். அந்த நவம்பரில் நியூசிலாந்து ஆட்டத்துக்கு மரிஃபீல்டு மைதானத்தில் மூன்று மகன்களோடு பந்தை எடுத்து வந்து கொடுத்தார். 2022-இல் அவர் இறந்த பிறகும் அந்த வேலை நடக்கிறது. தன் வீட்டுக் கஷ்டத்தை நாலு பேர் முன்னால் சொல்ல எல்லோருக்கும் மனம் வராது என்பதும் உண்மைதான். இன்னொன்று, 1995 கால் இறுதியில் லோமுவின் அணிக்கு எதிராக 2 ட்ரை அடித்தவர் இந்த வெயர்தான்!

கே: லோமுவை யாராலும் நிறுத்த முடியவில்லையா?
- சேலம் வாசகர்

ப: தென்னாப்பிரிக்காவால் முடிந்தது. 63 டெஸ்டில் 37 ட்ரை அடித்த மனிதர், அவர்களுக்கு எதிராக ஒன்றுகூட அடிக்கவில்லை.