கொப்பியைத் திறக்க முன்

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப் பொறுப்பாளராக இருக்கிறேன். சமூகப்பணி முதுமாணி படிக்கும் மூன்று பேர் அடுத்த மாதம் முதல் களப்பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். ஒருவர் கொழும்பில் வளர்ந்தவர், ஒருவர் மட்டக்களப்பு, மற்றப் பிள்ளை முல்லைத்தீவு. படிக்கிற இடத்திலிருந்து ஒரு கடிதமும் மதிப்பீட்டுப் படிவமும்தான் வந்திருக்கின்றன. எங்களுக்கும் ஆள் பற்றாக்குறை. வந்த கையோடு வீட்டுத் தரிசிப்புக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், முதல் கிழமை வேண்டவே வேண்டாம். ஆள் பற்றாக்குறை விளங்குகிறது, நானும் அதே கதிரையில் இருந்தவள்தான். ஆனால் மூன்று பேரையும் மூன்று கிராமத்துக்குப் பிரித்துவிட்டால் வேலை ஓடும் என்று நினைத்தால், பிறகு அந்தக் கிராமங்களில் உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சரிக்கட்ட நீங்களே ஆறு மாதம் ஓட வேண்டி வரும்.

ஏன் என்று சொல்கிறேன். வன்னியில் ஒரு புது ஆள் முற்றத்தில் இருந்து கொப்பியைத் திறந்தால் அதற்குப் பெயர் பதிவு. 2009 இல் போர் முடிந்த பிறகு முகாமில் பதிவு, மீள்குடியேறும்போது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, வாழ்வாதார உதவிக்குப் பதிவு, 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது அதற்கும் ஒரு பதிவு. பெயரை எழுதினால் ஏதோ வரும், எழுதாமல் விட்டால் வராது என்பது சனம் பட்டுப் படித்த பாடம். உங்கள் மாணவர் எழுதுவது தன்னுடைய பாடத்துக்கான குறிப்பு. எதிரே இருக்கிற அம்மாவுக்கு அது தெரியாது.

எனக்கு நடந்தது இது. நான் பயிற்சிக்குப் போன முதல் வீட்டிலேயே பெயர், பிள்ளைகள், வருமானம், கிணறு இருக்கா என்று வரிசையாகக் கேட்டு எழுதினேன். எழும்பும்போது அந்த அம்மா, "எப்ப வரும், பிள்ளை?" என்று கேட்டா. என்ன வரும் என்று கேட்க வேண்டிய நான், வெட்கத்தில் "பார்ப்பம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவ இரண்டு பஸ் மாறி எங்கள் ஒஃபிஸுக்கு வந்து, பெயர் எழுதினது என்னாச்சு என்று கேட்டபோது நான் பயிற்சி முடித்துப் போயிருந்தேன். பதில் சொன்னது எனக்கு மேற்பார்வை பார்த்த அக்கா.

ஆகவே முதல் மூன்று நாளும் ஒஃபிஸுக்குள்ளேயே ஒரே ஒரு விஷயத்தைத்தான் பழக்குங்கள், தன்னை அறிமுகப்படுத்துவது. பார்க்கச் சின்ன வேலை, ஆனால் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இதுதான் வராது. ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "அம்மா, நான் படிக்கிற பிள்ளை. இந்த அக்காவோட மூண்டு மாதம் வேலை பழக வந்திருக்கிறன். என்னால காசோ வீடோ எடுத்துத் தர ஏலாது. நீங்கள் சொல்லுறதை இந்த அக்காவோடயும் படிப்பிக்கிற ஆக்களோடயும்தான் கதைப்பன், அதுவும் உங்கட பேர் சொல்லாமல். ஆருக்காவது ஆபத்தெண்டா மட்டும் மற்ற ஆக்களிட்டயும் சொல்ல வேண்டி வரும். கதைக்க விருப்பமில்லையெண்டா அதுவும் பரவாயில்லை." இதை மனப்பாடம் செய்யவிடாதீர்கள், ஒவ்வொருவரும் தன் வாயில் வருகிற தமிழில் சொல்லட்டும். நீங்கள் அம்மாவாக இருந்து, "அப்ப எப்ப வரும், பிள்ளை?" என்று மூன்று தரம் கேளுங்கள். முதல் தரம் சரியாகச் சொல்வார்கள், இரண்டாம் தரம் தடுமாறுவார்கள், மூன்றாம் தரம் "பார்ப்பம்" வந்துவிடும். வந்தால் திரும்ப முதலிலிருந்து.

அப்புறம் அந்தச் சொப்பின் பை. வன்னியில் வேலை செய்கிற உங்களுக்கு நான் எந்தப் பையைச் சொல்கிறேன் என்று தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கதை தொடங்கினால், கேட்காமலேயே உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், 2013 இல் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பம், 2018 இல் வேலை தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகத்தின் துண்டு, நடுவில் லமினேட் பண்ணின பாஸ்போட் அளவுப் படம் ஒன்று. மடிப்புகளில் கிழிந்து செலோரேப் ஒட்டியிருக்கும். புது மாணவர் செய்கிற முதல் வேலை, போனை எடுத்துப் படம் பிடிப்பது. உதவி செய்கிறேன் என்ற நினைப்பில்தான், ஆனால் அந்த நிமிடமே அது இன்னொரு பதிவாகிவிடும்.

மாணவருக்குச் சொல்லிக்கொடுங்கள்: போன் பையிலேயே இருக்கட்டும். கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொன்றாக வாசித்து, அடுக்கு மாறாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த அடுக்கில் அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. படத்தைப் பார்த்தால் பெயரைக் கேட்கலாம். "இருக்கிறார்" என்று அம்மா சொன்னால் இவரும் "இருந்தார்" என்று மாற்றிக் கதைக்கக்கூடாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு மாணவர் அந்த முற்றத்துக்குப் போவது மரியாதையில்லை. அதை நீங்களே இருந்து சொல்லிவிடுங்கள், இணையத்தில் தேடிப் படி என்று விடவேண்டாம்.

வன்னி என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்ற நினைப்பையும் அந்தக் கிழமையே கழற்றுங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்குக் காணி உறுதியும் தண்ணீரும் இன்றைக்கும் வேறு கதை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு கதை. யார் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறோம், யார் வீட்டில் வேண்டாம் என்று சமாளிக்கிறோம் என்பதைக் கிராமம் முழுக்கக் கவனிக்கும். கொழும்புத் தம்பிக்கு இதை வெளிப்படையாகவே சொல்லலாம், பிழையில்லை.

நாலாம், ஐந்தாம் நாள் அலுவலகங்கள். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்ற நாலில் உங்கள் கிராமங்கள் எந்தப் பிரதேச செயலகத்துக்குக் கீழ் வருகிறதோ அங்கே நேரே கூட்டிப்போங்கள். சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உதவியாளர் ஆகியோரின் முகத்தை மாணவர் பார்த்திருக்க வேண்டும். கிராம அலுவலருக்குத் தெரியாமல் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது, ஆனால் அவரையே கூட்டிக்கொண்டும் போகக்கூடாது, விதானையார் பக்கத்தில் இருந்தால் கிழமைக் கடன்காரரைப் பற்றியோ வீட்டில் விழுகிற அடியைப் பற்றியோ யார் வாய் திறப்பார்கள்? உதவிக்கு அழைக்கிற இலக்கங்கள்: 1929 சிறுவருக்கு, 1938 பெண்களுக்கு, 1926 மனநல உதவிக்கு. மூன்றையும் போனில் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைக்கு ஆபத்து, அல்லது ஒருவர் சாகப்போவதாகச் சொன்னார் என்றால் அன்றைக்கே, பஸ் ஏற முன்னமே உங்களுக்கு அழைப்பு வர வேண்டும். "ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்" என்று மட்டும் யாருக்கும் சத்தியம் பண்ணக்கூடாது.

முல்லைத்தீவுப் பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அவதான் முக்கியம். 2009 இல் அவ சின்னப் பிள்ளையாக இருந்திருப்பா, எங்கே இருந்தா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. "உனக்கு ஊர் தெரியும்தானே" என்று கடினமான வீடுகளை அவவின் தலையில் கட்டாதீர்கள், மற்ற இருவருக்கும் வழிகாட்டியாகவும் ஆக்காதீர்கள். பாவம் என்று லேசான வேலை கொடுப்பதும் அதே அளவு பிழை. தனியாகக் கூப்பிட்டு, "எந்தக் கிராமம் வேண்டாம், எந்த மாதிரிக் கதை இப்போதைக்கு வேண்டாம் என்று காரணம் சொல்லாமலே நீங்கள் எனக்குச் சொல்லலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 பயிற்சிக் காலத்துக்குள் வந்தால் அன்றைக்கு மூவருக்கும் வேலை வைக்காதீர்கள்.

இரண்டாம் கிழமை உங்களோடு போகட்டும், நீங்கள் கதைக்க அவர்கள் பார்க்கட்டும். காலபோக நெல் அறுவடைக் காலமென்றால் காலையில் வீட்டில் ஆள் இருக்காது, பின்னேரம் போங்கள். மூன்றாம் கிழமை அவர்கள் கதைக்க நீங்கள் பாருங்கள். கொப்பி வீட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் திறக்க வேண்டும், பெயர் இல்லாமல், இடப்பக்கத்தில் அவர் சொன்னது நான் சொன்னது நாடகம் மாதிரி, வலப்பக்கத்தில் அந்த நேரம் எனக்கு என்ன நடந்தது என்று. இடப்பக்கம் நிறைந்து வலப்பக்கம் வெறுமையாக வருகிற கொப்பியைத்தான் முதலில் எடுத்து வாசியுங்கள்.

கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொருவரோடும் தனியாக, போனை நிப்பாட்டிவிட்டு. அமெரிக்காவில் முதுமாணிக்குக் குறைந்தது 900 மணித்தியாலம் களத்தில் என்று விதி இருக்கிறது, எங்கள் மாணவர்களும் மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டுதான் வருவார்கள். எண்ணட்டும். ஆனால் இந்த ஒரு மணித்தியாலத்தைக் கூட்டம் இருக்கிறது, டோனர் வருகிறார் என்று தள்ளிப்போட்டால், பிள்ளைகள் கேட்டதையெல்லாம் ராத்திரி போடிங் அறைக்குக் கொண்டுபோய்த் தனியே வைத்திருப்பார்கள்.

அந்த மதிப்பீட்டுப் படிவத்தை லாச்சிக்குள் வைத்திருந்தால் எடுத்து, மூன்று பிரதி அடித்து, முதல் நாள் காலையே மூவரோடும் இருந்து வரிவரியாக வாசியுங்கள். உங்களுக்கே விளங்காத வரி இருந்தால் அன்றைக்கே படிக்கிற இடத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.