பிஸ்கட் டப்பாவில் விழுந்த சீட்டுகள்: நோய், இழப்பு, நம்பிக்கை பற்றிய கேள்வி பதில்

ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் தினம்; தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்புக்குத்தான் அந்தப் பேர். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) அன்றைக்கு ஒரு சின்னக் கூட்டம் போட்டோம். பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் பேசி முடித்ததும், "கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதிப் போடுங்கள்" என்று ஒரு காலி பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விட்டோம். நிறையச் சீட்டு விழுந்தது. பாதிக்கு மேல் தமிழ், மீதி மலையாளம். இரண்டு சீட்டில் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தார்கள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த நம் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். மருந்து அளவு கேட்டவற்றை சிஸ்டர் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் என் தலையில்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பதினோரு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, இடது பக்கம் எடுத்தாகிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் வீட்டுக்காரர் போய்விட்டார். இப்போது பாலியேட்டிவ் வண்டியில் சிஸ்டருடன் வீடு வீடாகப் போகிற தொண்டர். டாக்டர் இல்லை.

"தூக்கம் இல்லை. நான் இருந்து யாருக்கும் பிரயோஜனம் இல்லை. போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு தோணுது." (பெயர் எழுதவில்லை)

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். கேரளத்திலிருந்து கூப்பிட்டால் மலையாளத்தில் பேசுவார்கள், தமிழ் வேண்டும் என்று சொல்லலாம். அந்த எண்ணம் இப்போதே அழுத்துகிறது என்றால் போனோடு நிற்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், தனியாக இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சிமருந்து, மாத்திரை எது வீட்டில் இருந்தாலும் வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். என் வீடு வாயனசாலைக்குப் பின்னால் மூன்றாவது. எந்த நேரமானாலும் வரலாம்.

"அக்கா, மார்புல கட்டி, கேன்சர்னு போன வாரம் ரிசல்ட் வந்தது. வயசு 38. எல்லாரும் பாசிட்டிவா இரு, நம்பிக்கையா இருங்கறாங்க. எனக்குப் பயம் மட்டும்தான் வருது. பயந்தா நோய் கூடுமா?" (வேலந்தாவளம்)

கூடாது கண்ணு. கட்டிக்கு உன் மனசு தெரியாது. நீ அழுதாலும் அது அழுவதைப் பார்த்து வளராது, சிரித்தாலும் சுருங்காது. இப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள்மேல் எனக்கு அந்தக் காலத்திலேயே எரிச்சல். ஏற்கெனவே நோயைச் சுமக்கிறவள் தலையில் 'நீ சரியாக நம்பவில்லை' என்ற பழியையும் ஏற்றுகிறார்கள்.

ஒரு விஷயம் எனக்கு மலையாளத்தால் புரிந்தது. கீமோ நடந்தபோது ஒரு நர்ஸிடம் "எனக்கு நம்பிக்கையே இல்லை சிஸ்டர்" என்றேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறை. "பிரதீக்ஷயா, விஸ்வாசமா? எது இல்லை?" என்று திருப்பிக் கேட்டாள். நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழப்பிக்கொள்கிறோம். குணமாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. என்ன வந்தாலும் அன்றைய பாட்டை என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்று தன்மேல் வைக்கிற நம்பிக்கை இன்னொன்று. முதலாவது எனக்கு ஸ்கேனுக்கு ஸ்கேன் ஏறி இறங்கியது. இரண்டாவதை அந்தப் பெண் கேட்ட பிறகுதான் தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. காலையில் தலை சுற்றும்போதும் எழுந்து பல் விளக்கினேனே, அந்த அளவுக்கு.

இந்த வாரம் நீ செய்ய வேண்டியது: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. டாக்டரிடம் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போ. ஹார்மோன் ரிசப்டார், ஹெர்-2 பரிசோதனை (கட்டி எந்த வகை என்று காட்டுவது) முடிவு என்ன? நோய் எந்த நிலையில் இருக்கிறது? முதலில் ஆபரேஷனா, கீமோவா, ஏன்? மருந்து எது என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. எனக்கு ஹார்மோன் வகை, அதனால் கீமோ முடிந்தும் ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை. உனக்கு வேறாக இருக்கலாம். என்னோடு ஒப்பிடாதே, எதிர்வீட்டு அத்தையின் நாத்தனாரோடு கண்டிப்பாக ஒப்பிடாதே.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திருச்சூரிலோ திருவனந்தபுரத்திலோ இன்னொருவரைக் கேட்க ஆசை என்றால் கேள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பயாப்ஸி ஸ்லைடையும் பிளாக்கையும் (கட்டியிலிருந்து எடுத்த சதை இருக்கும் கண்ணாடித் துண்டு, மெழுகுக் கட்டி) லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போ. இது தெரியாமல் நான் ஒரு நடை வீணாகப் போய் வந்தேன். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கேள்.

"கீமோவுல முடி எல்லாம் போயிருமா?"

நிறைய மருந்தில் போகும், சிலதில் போகாது. போனாலும் முடிந்த சில மாதத்தில் வரும். எனக்குச் சுருட்டையாக வந்தது, பிறகு பழையபடி நீண்டது. முடியைவிடக் காய்ச்சலைக் கவனியுங்கள். கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு ரத்தத்தில் குறைந்திருக்கும். தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான். விடியட்டும் என்று பாரசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது.

"அப்பாவுக்கு நுரையீரல்ல. முத்திப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாகிட்ட சொல்லவே கூடாதுன்னு அண்ணன். அப்பா தினமும் 'எனக்கு என்னம்மா?'ன்னு கேக்கறார். சளிதான்ப்பான்னு சொல்லிட்டு அடுக்களையில போய் அழறேன்." (நாட்டுக்கல் பக்கம்)

இந்த மாதிரி வீடு எனக்கு வாரத்தில் ஒன்றாவது வாய்க்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் வந்து "அப்பாவுக்குத் தெரியாது" என்பார். உள்ளே போனால், மகன் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அப்பா "பசங்களுக்குத் தெரியாது, நீங்க சொல்லிடாதீங்க" என்பார். கட்டிலைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் நடிப்பார்கள்.

அப்பா தினமும் கேட்கிறார் என்றால் சளி என்பதை அவர் நம்பவில்லை. பதிலை நீங்கள் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த முறை கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு தோணுதுப்பா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே காட்டுவார். "போதும், டாக்டர் பாத்துக்கட்டும்" என்றால் அத்தோடு விடலாம். "பெரிய வியாதிதானே?" என்றால் ஆமாம் என்று சொல்லலாம். மாதக் கணக்கு, நாள் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார். "சொல்ல மாட்டேன், ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். எங்கள் வண்டி போகும் ஒரு வீட்டில் பெரியவருக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: சினைமாட்டை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? மருமகள் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தவிடும் புண்ணாக்கும் எந்த வேளைக்கு எவ்வளவு என்று அரைமணி நேரம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரமாகப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் அவர்.

"மார்பின் மாத்திரை எழுதிட்டாங்க. அப்படின்னா கடைசி நேரமா? அடிமையாயிருவாரா?"

இரண்டும் இல்லை. மார்பின் வலிக்குத்தான், நாள் குறிப்பதற்கு இல்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு தோப்புக்குப் போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுவதால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான், அதனால் வலி வந்த பிறகு தேடாமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் தெளியாது. அதற்கு எழுதிய மருந்தை 'இது முக்கியமில்லை' என்று ஒதுக்கி வைக்காதீர்கள், எல்லா வீட்டிலும் இதே கதை. எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

இந்த மாத்திரை கைக்கு எட்டுவதற்கே பலர் பாடுபட்டிருக்கிறார்கள். 1985 போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகள் மார்பின் வைக்கவே பயந்தன. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி இளக்கினார்கள். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் கூட்டாளிகளும் தொடங்கிய பாலியேட்டிவ் சேவை பரவி, 2008இல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையே கொண்டுவந்தது. நம் வாசலுக்கு சிஸ்டர் வருவது அப்படி வந்ததுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சொந்தம் இருப்பவர்கள் அங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் கேளுங்கள், அவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள்.

"மாமியார் முள்ளாத்தைப் (முள் சீத்தா) பழமும் இலைக் கஷாயமும் கொடுக்கறாங்க. குடிக்கலைன்னா கோவிச்சுக்கறாங்க."

பழத்தை ருசிக்கு ஒரு துண்டு சாப்பிடுங்கள். கஷாயம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது, கீமோ நேரத்தில் ஈரலைக் கெடுத்துவிடவும் கூடும். 'டாக்டர் அக்காவிடம் கேட்டேன், வேண்டாம் என்றார்' என்று பழியை ஆஸ்பத்திரிமேல் போடுங்கள். மாமியார் கைக்கு வேறு வேலை கொடுங்கள், அவருக்கும் ஏதாவது செய்தாக வேண்டுமே.

"வீட்டுக்காரர் போய் ஏழு மாசம். அழுகையே வரலை. துக்கத்துக்கு அஞ்சு கட்டம்னு யூடியூப்ல சொல்றாங்க, எனக்கு எதுவுமே வரலை. நான் கல்நெஞ்சக்காரியா?" (கோபாலபுரம்)

அந்த ஐந்து கட்டத்தை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல டாக்டர் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. அதைப் பரீட்சைப் பாடம் மாதிரி எல்லோரும் வரிசையாக எழுதியாக வேண்டும் என்று எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கள்ளு இறக்குகிறவர். தென்னம்பாளையை தினமும் தட்டிச் சீவ வேண்டும், விட்டால் காய்ந்துவிடும். அதனால் அவர் போன மூன்றாம் நாளே அவருடைய மரங்களை வேறொருவர் ஏறத் தொடங்கினார். விடியற்காலை டக் டக்கென்று பாளை தட்டும் சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டு டம்ளர். ஒன்றரை மாதம் இப்படி வைத்து ஒன்றைக் கொட்டியிருக்கிறேன். அழவில்லை. பக்கத்தில் சிற்றூர் என்ற ஊரில் ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பேர், அதில்தான் அவர் சாம்பலைக் கரைத்தோம். அன்றைக்கும் அழவில்லை, கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது, ஆளியாற்றில் தண்ணீர் விடவில்லை என்று யாரோ பேசிக்கொண்டிருந்ததுதான் ஞாபகம். அழுகை வந்தது பத்தாவது மாதம், ரேஷன் கடையில், கார்டில் பேர் நீக்க வேண்டும் என்று சொன்னபோது.

வராவிட்டாலும் தப்பில்லை. சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை எதுவும் ஓடாமல் மாதக்கணக்கில் அப்படியே உறைந்து கிடந்தால் மட்டும் டாக்டரிடம் பேசுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

"மக இறந்துட்டா. பேரனுக்கு நாலு வயசு. அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம்."

மாற்றிச் சொல்லுங்கள் அம்மா. ஊருக்குப் போனவள் ஏன் போன் பண்ணவில்லை என்று அவன் தினமும் காத்திருப்பான். தூங்குகிறாள் என்றும் சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படுவான். "அம்மா செத்துட்டா, உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, இனி வர முடியாது, உன்மேல எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பான், அதே பதிலைச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அம்மாவைத் தான் படுத்தியதால்தான் போய்விட்டாள் என்று நினைத்த பிள்ளையை அங்கன்வாடியில் பார்த்திருக்கிறேன்.

"சிகிச்சை முடிஞ்சு ரெண்டு வருஷம். முதுகு வலிச்சாலும் திரும்ப வந்துருச்சோன்னு நெஞ்சு அடைக்குது. என் உடம்பை எப்படி நம்பறது?"

எனக்கும் மூன்று வருடம் இப்படித்தான். இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். முதல் கட்டியைக் குளிக்கும்போது நானே கண்டுபிடித்தேன். ஒரு டாக்டரிடம் போனேன். தொட்டுப் பார்த்து, "கொழுப்புக் கட்டி, இந்த வயசில் வரும்" என்று அனுப்பிவிட்டார். ஸ்கேன் கிடையாது. கட்டி பெரிதாவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் படித்தவர் சொல்லிவிட்டாரே என்று நாலு மாதம் சும்மா இருந்தேன். அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என் விரலை நான் நம்பாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது என் வழக்கம் இது. புதிதாக ஒரு வலி வந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். இரண்டு வாரம் பார்ப்பேன். குறைந்தால் அடித்துவிடுவேன், அடித்த வரிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. குறையவில்லை, கூடுகிறது, ராத்திரி எழுப்புகிறது என்றால் டாக்டர். புதுக் கட்டி, மூச்சுத் திணறல், கால் மரத்துப் பலம் இழப்பது, வலிப்பு இவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கு கிடையாது, அன்றைக்கே போக வேண்டும். ஒரு டாக்டர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவர்.

"பழனிக்கு நேர்ந்துகிட்டேன். அப்படியும் அவ போயிட்டா. சாமி மேல கோவமா இருக்கு, பாவமா?"

திட்டுங்கள். முருகனும் கோபித்துக்கொண்டு மலை ஏறியவர்தானே.

"சம்சாரத்துக்கு கீமோ. எனக்குச் சமையல் தெரியாது. எதைக் கொடுத்தாலும் குமட்டுதுங்கறா. என்ன செய்யட்டும்?" (சீட்டின் பின்பக்கம் லாரி வாடகைக் கணக்கு இருந்தது)

குருணை அரிசி ஒரு கைப்பிடி, சிறுபயறு அரைக் கைப்பிடி, குக்கரில் ஐந்து விசில். தண்ணீர் தாராளமாக. தேங்காய்ச் சம்மந்தி (துவையல்) மிளகாய் இல்லாமல், இஞ்சி ஒரு துண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் எலுமிச்சை பிழியலாம். எவர்சில்வர் ஸ்பூன் வாயில் இரும்பாகக் கசக்கிறது என்பார்கள், பிளாஸ்டிக் ஸ்பூன் வையுங்கள். தாளிக்காதீர்கள், அந்த வாசனைதான் பாதி குமட்டல். சூடாக வேண்டாம், ஆறட்டும். ஒரு டம்ளர் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அவர் வேண்டாம் என்று தள்ளிய கஞ்சியை நின்றபடி நீங்கள் குடித்துவிடுங்கள், உங்களுக்கும் காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போயிருக்காது.