வாசகர் கேள்வி – பதில்: எட்டுத் திருநாளும் எங்கள் வீட்டுக்கு வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் சில ஆண்டுகளாகப் பேகன் வழியை, அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை அடியொற்றி இயற்கையைப் போற்றும் சமயத்தை, பின்பற்றி வருகிறோம். பிள்ளைகளுக்கு ஏழு வயதும் நான்கு வயதும் ஆகின்றன. ஆண்டுச் சக்கரத்தின் எட்டுப் பண்டிகைகளையும் வீட்டில் கொண்டாடத் தொடங்கி, மூன்றாவது பண்டிகைக்குள் களைத்துப்போனேன். எட்டையும் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, அம்மா. அப்படிக் கட்டளையிடும் மறைநூலோ தலைமைப் பீடமோ இந்தச் சமயத்துக்கு இல்லை. அக்டோபர் 31 மாலையில் தொடங்கும் சவின், டிசம்பர் 21 வாக்கில் வரும் யூல், பிப்ரவரி முதல் நாளின் இம்போல்க், மார்ச் 20ஐ ஒட்டிய ஒஸ்டாரா, மே முதல் நாளின் பெல்ட்டேன், ஜூன் 21ஐ ஒட்டிய லிதா, ஆகஸ்ட் முதல் நாளில் லூனசா அல்லது லாமஸ், செப்டம்பர் 22 வாக்கில் மேபன் என்று ஆறேழு வாரங்களுக்கு ஒன்றாக இவை வந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் பீடம், மலர்வளையம், விருந்து என்று இறங்கினால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். இரண்டு அல்லது மூன்றை எடுத்துக்கொண்டு நிறைவாகச் செய்யுங்கள். மற்ற நாட்களில் ஒரு மெழுகுவர்த்தியும், அந்தப் பருவத்தில் விளைந்த ஏதேனும் ஒன்றும் மேசையில் இருந்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், பிள்ளைகளின் கைக்கு வேலை கிடைக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பெரியவர்கள் நீண்ட வாழ்த்துரை படிக்க, சிறியவர்கள் சும்மா நின்று கேட்க வேண்டிய சடங்கு நான்கு வயதுக் குழந்தையிடம் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. அதே குழந்தையை லாமஸ் அன்று மாவு பிசையச் சொல்லிப் பாருங்கள். இடத்தை விட்டு நகராது. புதுத் தானியத்தின் முதல் ரொட்டிதான் அந்த நாளின் மையம் என்பதால் அன்றைக்குச் சமையலே சடங்காகிவிடுகிறது. 500 கிராம் கோதுமை மாவு, 7 கிராம் உலர் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 300 மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைந்து, இருமடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். பிறகு மூன்று புரிகளாக்கி, சடை பின்னுவதுபோல் பின்னி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ அரை மணி நேரம் சுட வேண்டும். ரொட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் வெந்துவிட்டது என்று பொருள். முதல் துண்டு யாருக்கு என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

இரண்டாவதாக யூலை வைத்துக்கொள்ளலாம். ஆண்டின் மிக நீண்ட அந்த இரவில் பெரிய மரக்கட்டையை அடுப்பங்கணப்பில் எரித்து, எரியாமல் மிஞ்சிய துண்டை அடுத்த ஆண்டுக் கட்டையைப் பற்றவைக்க எடுத்துவைப்பது ஐரோப்பாவின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். கணப்பு இல்லாத வீடுகளில், தட்டையான அடிப்பக்கம் கொண்ட கட்டையில் மூன்று குழிகள் குடைந்து மெழுகுவர்த்திகளை நிறுத்துகிறார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுச் சற்று நேரம் இருட்டில் உட்காருங்கள். பிறகு மூத்த குழந்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் திரியை ஏற்றட்டும். மந்திரம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: என் பதினைந்து வயது மகன், 'இவை எதுவும் பழமையானவை இல்லை, போன நூற்றாண்டில் யாரோ உட்கார்ந்து எழுதியவை' என்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: பாதி சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். சவின், இம்போல்க், பெல்ட்டேன், லூனசா ஆகிய நான்கும் இடைக்கால ஐரிஷ் இலக்கியங்களில் இடம்பெறும் பழைய பருவத் தொடக்கங்கள். யூல் வடக்கு ஐரோப்பாவின் பழைய குளிர்காலத் திருநாள். ஆனால் எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 1950களின் பிரிட்டனில். ஜெரால்ட் கார்ட்னரின் விக்கா என்ற நவீன பேகன் சமய வட்டத்துக்கும், பழங்காலக் கெல்ட்டியப் பூசாரிகளான துருயிடுகளின் பெயரைக் கொண்ட ராஸ் நிக்கல்ஸின் வட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. மேபன் என்ற பெயரை இலையுதிர்காலத் திருநாளுக்குச் சூட்டியவர் அமெரிக்கரான எய்டன் கெல்லி; அது 1970களில் நடந்தது. ஒஸ்டாரா பற்றி இன்று சொல்லப்படும் முயல், முட்டைக் கதைகளுக்கும் பழஞ்சான்று கிடையாது. 725ஆம் ஆண்டில் எழுதிய பீட் என்ற துறவி, ஒஸ்டாரா என்ற பெயருடன் தொடர்புடைய ஏயோஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பெயரால் ஒரு மாதம் வழங்கியதையும் அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்ததையும் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார். முயலைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ அவரிடம் ஒரு சொல் இல்லை.

'ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாறாமல் வருவது' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பின்னால் அவர்களே படித்துத் தெரிந்துகொள்ளும்போது விழிப்பதைவிட, இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவதே நல்லது. நீண்ட இரவும் முற்றிய கதிரும் யாரும் உட்கார்ந்து எழுதியவை அல்லவே என்று நீங்களும் அவனைத் திருப்பிக் கேட்கலாம்.

கேள்வி: ஒஸ்டாராவுக்கு முட்டைகளைச் செயற்கை நிறமில்லாமல் சாயமேற்ற முடியுமா?

பதில்: முடியும். வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை இரண்டு கையளவு எடுத்து, முட்டைகள் மூழ்கும் அளவுத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். முட்டையின் மேல் ஒரு சிறிய இலையை, நரம்புள்ள பக்கம் ஓட்டில் படும்படி வைத்து, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி, அந்தச் சாற்றில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைக்க வேண்டும். துணியை அவிழ்க்கும்போது செம்பழுப்பு ஓட்டில் இலையின் வடிவம் மட்டும் வெளிறித் தெரியும். துணி தளர்வாக இருந்தால் சாயம் இலைக்கடியில் புகுந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். மஞ்சள்தூள் மஞ்சள் நிறம் தரும். ஊதா முட்டைக்கோஸ் சாறு, வெள்ளை ஓட்டில் இரவு முழுவதும் ஊறினால் நல்ல நீலம் தரும். சாப்பிடப்போகும் முட்டைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தே ஊறவையுங்கள்.

கேள்வி: இந்த ஆண்டு என் மாமனார் காலமானார். சவின் இரவில், இறந்தவருக்கும் ஒரு தட்டு வைத்துப் பேசாமல் உண்ணும் விருந்தை நடத்த விரும்புகிறோம். ஆறு வயது மகளையும் உட்கார வைக்கலாமா?

பதில்: அவள் விரும்பினால் மட்டும். உணவு முழுவதும் மௌனம் என்பது பெரியவர்களுக்கே கடினம். துக்கம் புதிதாக இருக்கும் வீட்டில் அது குழந்தையை அச்சுறுத்தவும் கூடும். தாத்தாவின் தட்டை வைத்து, அவருக்குப் பிடித்ததைப் பரிமாறி, முதல் சில கவளங்கள் வரை மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லலாம். அவர் வரப்போகிறாரா என்று அவள் கேட்டால், 'வரமாட்டார், அவரை நினைப்பதற்காக வைத்திருக்கிறோம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் மாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம். அந்தத் தட்டைப் பார்க்க அவருக்கு மனம் இல்லையென்றால் இந்த ஆண்டு விட்டுவிடலாம்.

அயர்லாந்தில் அந்த இரவுக்குரிய பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம், நாணயம் போன்றவற்றை ஒளித்துவைத்துக் குறி பார்ப்பார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. அதற்குப் பதிலாக, மசித்த உருளைக்கிழங்கில் வெந்த முட்டைக்கோஸும் வெண்ணெயும் கலந்த கோல்கேனன் செய்யுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் தென் அரைக்கோளத்தில் வசிக்கிறோம். டிசம்பரில் யூல் கொண்டாடுவது பொருத்தமாகத் தோன்றவில்லையே?

பதில்: பொருந்தாதுதான். அங்குள்ள பேகன்களில் பலர் ஆறு மாதம் தள்ளி, ஜூன் 21 வாக்கில் யூலையும் டிசம்பரில் லிதாவையும் கொண்டாடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

கேள்வி: சடங்கு முடிந்ததும் படையலைத் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவருவது சரியா?

பதில்: காட்டில் வேண்டாம். உலர்திராட்சை சேர்ந்த ரொட்டியும் சாக்லேட்டும் நாய்களுக்கு நஞ்சு. கிளையில் கட்டும் செயற்கை நாடாக்கள் பறவைகளின் காலில் சிக்கும். சுத்தமான நீரை மரத்தின் வேரில் ஊற்றினால் போதும், படைத்த உணவை வீட்டாரே பகிர்ந்து உண்ணலாம். யூலுக்கு வீட்டை அலங்கரிக்கும் புல்லுருவி, ஹாலி ஆகியவற்றின் கனிகளும் நஞ்சுள்ளவை என்பதால், அவற்றை உணவு மேசையில் வைக்காமல் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.