தாத்தாவின் படமும் 1310 என்ற எண்ணும்

கேள்வி: என் தாத்தா 1964-இல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். ‘இன்செயின் சண்டையில் ஊர்க்காவல் படையில் துப்பாக்கி தூக்கினேன்’ என்று அவர் சொன்னதாக அப்பா கூறுவார். சீருடையில் எடுத்த ஒரு படம் மட்டுமே எஞ்சியுள்ளது. பின்புறம் பர்மிய எழுத்தில் சில வரிகள். அவற்றில் 1310 என்ற எண்ணை மட்டும் பெரியம்மா படித்துச் சொன்னார். அது படை எண்ணா? அவருடைய பதிவை எங்கே தேடுவது?
- எஸ்.கே., வியாசர்பாடி

பதில்: அது படை எண் என்பதைவிடப் பர்மிய ஆண்டு என்பதே பொருத்தம். அந்த ஆண்டு 1948 ஏப்ரல் நடுவில் பிறந்து, அடுத்த ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி முடிந்தது. கரேன் இனப் படையினருக்கும் பர்மிய அரசுக்கும், யாங்கோனை (ரங்கூன்) ஒட்டிய இன்செயினில் மூண்ட சண்டை 1949 ஜனவரி 31-இல் தொடங்கி மே மாதம் வரை நீடித்ததால், தாத்தாவின் பேச்சோடு படத்தின் ஆண்டு முரண்படவில்லை. ஆனால் இதுவே சான்றாகிவிடாது.

‘ஊர்க்காவல் படை’ என்பது வீட்டில் வழங்கிய சொல். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாலும் கரேன் பட்டாளங்கள் பிரிந்துபோனதாலும் ராணுவம் சிதறியிருந்த அந்நாளில், அரசு ‘சிட்வுந்தான்’ என்ற உள்ளூர்த் துணைப்படையையும் ராணுவக் காவலரையும் நம்பியிருந்தது. எதிர்த்தரப்பிலும் உள்ளூர்ப் படை உண்டு. நம் பெரம்பூரைப் போல ரயில்வே பணிமனை உள்ள ஊரான இன்செயினில் சண்டை வாசலுக்கே வந்துவிட்டதால், அவர் எந்தத் தரப்பில் நின்றார் என்பதை ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

தேடுவதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள். பர்மாவில் பலருக்குப் பர்மியப் பெயரும் இருந்தது. அதன் முன்னொட்டு வயதுக்கேற்ப மவுங், கோ, ஊ என்று மாறும். 1949-இல் ‘கோ’ என்று பதிவானவரே 1964-இல் ‘ஊ’ என்று வந்திருக்கலாம். வீட்டில் அவருடைய அன்னியர் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். அப்போது அவர் பர்மியக் குடிமகனாகக் கருதப்படவில்லை என்பதை அது காட்டும். கப்பலில் வந்தபோது கிடைத்த தாள்களின் விவரத்தைக் குறிப்பிட்டு, மறுவாழ்வுத் துறைக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். அங்கே படைப்பதிவை எதிர்பார்க்க வேண்டாம்; பர்மிய முகவரியும் பெயரும் கிடைத்தாலே பெரிது. யாங்கோனிலிருந்து ஆவணம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம், இன்றைய போர்ச் சூழலில், பணம் கொடுக்காதீர்கள்.

முதல் வேலை, படத்தின் பின்புறத்தை முழுவதுமாகப் படிக்கவைப்பது. பெரியம்மாவுக்குப் பார்வை மங்கியிருந்தால், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும், பர்மிய எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர்களிடம் ஒரு மாலை கொண்டுபோய்க் காட்டுங்கள்.