மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவது: தள்ளிப்போடாதீர்கள்

வணக்கம் சகோதரி. அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை, உடல் எடையும் அதிகம், மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து இரத்தம் படுகிறது, சூடு என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சினைப்பை ஓய்ந்த பிறகும் உடற்கொழுப்பு அரோமட்டேஸ் என்ற நொதியால் கர்ப்பப்பையின் உள்சுவரை வளரச் செய்யும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதை அடக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அந்த வயதில் இருக்காது. அப்புறம் இன்சுலின். டைப் 2 சர்க்கரையில் உடல் அதற்குச் சரியாக இணங்காததால், பல வருடம் இரத்தத்தில் அதிகமாகவே இருந்திருக்கும். அதுவும் செல்களைப் பெருகத் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும்.

பெரும்பாலானோருக்குக் காரணம் சாதாரணமானதுதான், அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் ஸ்கேனில் உள்சுவர் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்ஸி (உள்சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) பற்றி அவசியம் கேளுங்கள்.